மரியாதைப் பன்மை

நாற்பத்தொரு நாள் வாய் திறக்காமல் கிடந்த தம்பி, நாற்பத்திரண்டாம் நாள் காலை பத்தேகால் மணிக்கு வாய் திறந்தார். திறந்து, தன் சொந்த அண்ணனைப் பார்த்து, மருத்துவர், இரண்டு செவிலியர், பக்கத்துக் கட்டில் நோயாளியின் மைத்துனர் ஆகியோர் முன்னிலையில், தெள்ளத் தெளிவாக, "போடா" என்றார்.

மருத்துவர் கை தட்டினார். செவிலியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். தம்பியின் மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத பக்கத்துக் கட்டில் மைத்துனர் எழுந்து வந்து, அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துகள் சார்" என்றார். எழுபது வயதில், நாலு பேர் பார்க்க, வாழ்நாளிலேயே முதல் தடவையாக 'டா' வாங்கியதற்குக் கிடைத்த வாழ்த்து அது. அண்ணன் நன்றி சொன்னார். யார் எதற்கு வாழ்த்தினாலும் நன்றி சொல்வது அந்தக் குடும்பத்தின் பழக்கம்.

அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாலு தலைமுறையாக அந்த வீட்டில் யாரும் யாரையும் 'டா' போட்டதில்லை. குழாய் பழுதுபார்க்க வருபவருக்கு 'வாங்க'. தவறான எண்ணுக்குத் தொலைபேசி செய்து தூக்கத்தைக் கெடுத்தவருக்கு 'பரவாயில்லைங்க'. வீட்டில் வளர்ந்த நாயைக்கூட 'வாப்பா, சாப்பிடுப்பா' என்றுதான் அழைத்தார்கள்; அதுவும் அந்த மரியாதைக்குக் கட்டுப்பட்டு, கடைசிவரை ஒருவரையும் கடிக்காமல் வாழ்ந்து முடிந்தது. இந்த மரியாதைக்கெல்லாம் காவலாக இருந்தவர் அண்ணன். உறவில் எல்லாரும் அவரைப் பெரியவர் என்பார்கள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகு நாற்காலியில் படாமல் உட்காருகிறவர்.

தம்பிக்கு ஐம்பத்தெட்டு வயது. நகரக் குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் தலைமை வரைவாளர். பூமிக்கடியில் எந்தக் குழாய் எந்தத் தெருவில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை முழுதாக அறிந்த ஒரே ஆள். ஒரு பிற்பகல், கை நிறைய வரைபடச் சுருள்களுடன் அலுவலகப் படியில் இறங்கும்போது கால் தவறினார். சுருள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கத் தலை படியில் மோதி, உள்ளே ரத்தம் கட்டி, அறுவை செய்து எடுத்தார்கள். வலது கை துவண்டது. பேச்சு போயிற்று. மற்றபடி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. ஆட்களைத் தெரிந்தது, சொன்னது புரிந்தது, உப்பு குறைந்தால் முகம் சுளிக்க முடிந்தது. வாய்க்கு வந்த ஒரே சொல் மட்டும் குடும்பத்தில் இல்லாத சொல்லாகப் போய்விட்டது.

வீடு திரும்பிய வாரமே அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நூற்றிருபது நாளுக்குள் மருத்துவக் குழுவின் முன் வர வேண்டும், தான் நினைப்பதைப் பிறருக்குப் புரியவைக்க முடியும் என்று காட்டினால் பழைய மேசை, பழைய வேலை, முடியாவிட்டால் ஓய்வு. தம்பி அதை இடது கையால் வாங்கி, நெடுநேரம் பார்த்துவிட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். விரிப்பு மாற்றும்போதுகூட அதைத் தொட யாரையும் விடவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று சொல்ல அதற்கு மேல் பேச்சு தேவைப்படவில்லை.

பெரியவருக்கு வேறு யோசனை. ஒரு குழு கூடி உட்கார்ந்திருக்க, அதன் முன்னால் போய் நின்று தம்பி 'போடா' என்றால் என்ன ஆகும்? அதைவிட, முந்திக்கொண்டு விருப்ப ஓய்வு கேட்டுவிட்டால் கௌரவம் மிஞ்சும். உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். தங்கள் மேலான கவனத்துக்கு என்று தொடங்கி, பணிவன்புடன் என்று முடியும் நாலு பத்தி. தொங்கும் எழுத்து ஒன்று இல்லை, ஒற்றுப்பிழை ஒன்று இல்லை. அதைத் தம்பி முன்னால் வைத்து, இடது கையில் பேனாவைக் கொடுத்தார்.

"போடா" என்றார் தம்பி.

பெரியவர் இதை 'தங்கள் விருப்பப்படியே ஆகட்டும்' என்று பொருள்கொண்டார். அலுவலகத்து நிர்வாக அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி ஓய்வு வாங்கிக்கிறதா இருக்கான். கடிதம் பின்னால வரும்" என்றும் சொல்லிவிட்டார். குடும்பத்தில் மூத்தவர் சொன்னால் குடும்பமே சொன்ன மாதிரி. கடிதத்தைப் பூட்டிய இழுப்பறையில் வைத்தார். இனி மிச்சமிருந்தது அந்த ஒரு சொல். அதையும் அப்புறப்படுத்திவிட்டால் வீடு பழையபடி சுத்தமாகிவிடும்.

அதற்காகத்தான் தம்பியையும் தம்பி மனைவியையும் அழைத்துக்கொண்டு பேச்சுப் பயிற்சி நிலையத்துக்குப் போனார்.

பயிற்சியாளர் ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. முழங்கால் வலி, நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் ஒரு முனகல். மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கும். அறையில் ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் ஒரு கண்ணாடி, அதற்கு மேல் சத்தமாக ஓடும் ஒரு கடிகாரம், ஒரு பெட்டி நிறையப் பட அட்டைகள்.

"சொல்லுங்க சார். என்ன எதிர்பார்த்து வந்திருக்கீங்க?"

"ஒரே ஒரு சொல்லை எடுத்துடணும்மா."

"எடுக்கணுமா?"

"இவன் வாயில ஒரு சொல்லு ஒட்டிக்கிட்டு இருக்கு. எங்க குடும்பத்துல அந்தச் சொல்லு கிடையாது. அதை மட்டும் எடுத்துட்டீங்கன்னா போதும், நாங்க கெளம்பிடுவோம்."

"எடுக்கறது எல்லாம் கீழ் மாடில, பல் டாக்டர்கிட்ட" என்றார் பயிற்சியாளர். "இங்க சேர்க்கறது மட்டும்தான். கையில இருக்கறதே ஒண்ணு. அதையும் எடுத்துட்டா உங்க தம்பிகிட்ட என்ன சார் மிஞ்சும்?"

தம்பி மனைவிக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

பயிற்சியாளர் விளக்கினார். பேச்சைக் கோத்துக் கொடுக்கிற இடத்தில்தான் அடி. ஆனால் யோசிக்காமல் தானாக வருகிற பேச்சு என்று ஒன்று இருக்கிறது: ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, பழகிய பாட்டு, கோபத்தில் வருகிற திட்டு. அதற்கு வேறு வழி. பல பேருக்கு அந்த வழி தப்பித்துவிடும்.

"இவன் யாரையும் திட்டினதே இல்லையேம்மா" என்றார் பெரியவர். "என் எதிர்ல உக்காந்து பேசினதுகூட இல்ல. எது சொன்னாலும் 'சரிங்கண்ணா'தான்."

"வாய் விட்டுத் திட்டியிருக்க மாட்டாரு சார். ஆனா பழகாத சொல்லு தானா வராது. உள்ளுக்குள்ள நல்லாப் பழகியிருக்காரு போலிருக்கு."

தம்பி அப்போது கூரையில் இருந்த மின்விசிறியை மிகுந்த ஈடுபாட்டுடன் கவனித்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி தொடங்கியது. ஒரு நகரத்தின் நிலத்தடியை முப்பத்தைந்து ஆண்டு தலையில் சுமந்தவர் முன்னால் ஒரு வாழைப்பழத்தின் படம் வைக்கப்பட்டது.

"வாழைப்பழம்" என்றார் பெரியவர்.

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் சார். அவரைக் கேக்கறேன்."

அடுத்து கோப்பை. தம்பியின் உதடு குவிந்தது. "கோ, கோ" என்று பெரியவர் எடுத்துக் கொடுத்தார்.

"சார், ஒரு கேள்வி கேட்டா மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணணும். அதுவரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. உள்ள அவரு தேடிக்கிட்டிருக்காரு. நீங்க பேசினா தேடினதெல்லாம் கலைஞ்சுடும்."

பெரியவர் எண்ணினார். அவர் கணக்கில் பத்து என்பது மூன்று வினாடி. ஐம்பது ஆண்டாகத் தம்பியிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதிலையும் தானே சொல்லிப் பழகியவருக்கு, அந்த மூன்று வினாடியே பெரிய விட்டுக்கொடுத்தல்.

கிளம்பும்போது பயிற்சியாளர் ஓர் அட்டை கொடுத்தார். அதில் பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சொல்: தண்ணி, பசி, வலி, குளிருது, மாத்திரை என்று. கீழ் வரிசை வலது மூலையில் கழிப்பறை. சொல் வராதபோது படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். தம்பி அன்று மாலைக்குள் பன்னிரண்டையும் பழகிவிட்டார். வரைபடக்காரர் அல்லவா, எது எந்த மூலையில் என்பது அவருக்குப் பிரச்சினையே இல்லை.

பெரியவருக்குத்தான் பிரச்சினை. 'தண்ணி' என்று ஒரு படித்த மனிதர் கேட்பதா? அட்டையை எடுத்துக்கொண்டு கணினிக் கடைக்குப் போனார். 'அருந்தத் தண்ணீர் கிடைக்குமா?' என்று மாற்றினார். 'வலி' என்பதை 'சற்று வலி இருக்கிறது' என்று திருத்தினார். கழிப்பறைப் படத்தை, வந்துபோகிறவர்கள் உட்காரும் கூடத்தில் வைக்கத் தக்கதல்ல என்று நீக்கிவிட்டு, அந்த இடத்தில் கை கூப்பிய படம் ஒன்றைப் போட்டு, கீழே 'வணக்கம்' என்று அச்சிட்டு, மேலே பளபளவென்று உறையும் போடச் சொன்னார். கடைக்காரரே பாராட்டினாராம்.

இரண்டு நாள் கழித்து ஒன்றுவிட்ட அக்காள் பார்க்க வந்தார். அவருக்கு உறவில் ரேடியோ என்று பெயர். எந்த வீட்டுச் செய்தியையும் காலையில் வாங்கி, தேவையான பின்னணி இசை சேர்த்து, மாலைக்குள் கடல் கடந்த சொந்தங்கள் வரைக்கும் ஒலிபரப்பிவிடுவார். அப்படிப்பட்டவர் வருகிறார் என்றதும் பெரியவர் தம்பிக்குச் சலவைச் சட்டை போட்டு, நல்ல சோபாவில் உட்காரவைத்து, மடியில் அட்டையையும் வைத்தார்.

சிறிது நேரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு தம்பியின் விரல் அட்டைக்கு வந்தது. நேராகக் கீழ் வரிசை வலது மூலைக்குப் போய்த் தட்டியது.

"பாரு, எனக்கு வணக்கம் சொல்றான்" என்று நெகிழ்ந்தார் ரேடியோ அக்கா. தானும் கை கூப்பினார்.

தம்பி மறுபடி தட்டினார். அக்கா மறுபடி கூப்பினார்.

"அடி பட்டாலும் பண்பு போகல பாருங்கக்கா" என்றார் பெரியவர்.

தம்பி தட்டினார், தட்டினார், அட்டை தெறிக்கும்படி தட்டினார். அக்கா ஈடுகொடுத்துக் கூப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் தம்பி அண்ணனை அண்ணாந்து பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "போடா, போடா" என்றார்.

"அது வந்துக்கா, சந்தோஷம் வந்தா அப்படிச் சொல்லுவான்" என்று பெரியவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அக்கா சட்டென்று எழுந்து தன் புடவையை உதறினார். நல்ல சோபா அதன் பிறகு நல்ல சோபாவாக இல்லை.

அக்காவை வழியனுப்பி, கணவருக்கு உடை மாற்றி, கூடத்தைக் கழுவிவிட்டு, தம்பி மனைவி அட்டையுடன் வந்து நின்றார்.

"மாமா, இந்த மூலையில இருந்த படம் எங்க?"

"வர்றவங்க எதிர்ல அதையெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கணுமாம்மா?"

"இன்னைக்குக் காட்டினதுக்கு அது எவ்வளவோ மேல் இல்லையா மாமா? வணக்கத்தை வெச்சுக்கிட்டு அவரு எங்க போவாரு?"

பெரியவர் அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்தார். அதற்குள் இழுப்பறைக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசி மணி அடித்தது. கடல் கடந்த சொந்தம். ஒலிபரப்பு தொடங்கிவிட்டிருந்தது.

அடுத்த பயிற்சி நாளில் தம்பி மனைவி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பயிற்சியாளர் திட்டவில்லை. முனகிக்கொண்டே எழுந்துபோய் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து பெரியவர் முன்னால் வைத்தார்.

"தாகம் இல்லம்மா."

"குடிக்க இல்ல சார். ஒரு வாய் எடுத்து வெச்சுக்கோங்க. முழுங்கக் கூடாது, துப்பக் கூடாது. தம்பி சொல்லி முடிச்சப்புறம் முழுங்கலாம். அடுத்த சொல்லுக்கு அடுத்த வாய்."

"இது என்ன வைத்தியம்?"

"அவருக்கு இல்ல. உங்களுக்கு."

சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர், கன்னம் இரண்டும் உப்ப, முதுகு நாற்காலியில் படாமல், மேசைக்கு முன் உட்கார்ந்தார். சுவர்க் கண்ணாடியில் தன் முகம் தெரியவே, நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அந்த அறையில் முதல் தடவையாக அமைதி ஏற்பட்டது. கடிகாரம் ஓடியது. நாலு, ஐந்து, ஆறு. எட்டாவது வினாடியில் தம்பி, "த... தண்ணி" என்றார். மொட்டையான, பன்மையில்லாத, கடைக்கோடித் தண்ணி. பெரியவருக்குத் திருத்தம் தொண்டை வரை வந்தது. ஆனால் வாயில் வேறொன்று இருந்தது.

இப்படியே வாரங்கள் போயின. வாரம் மூன்று நாள், நாளுக்கு இரண்டு குவளை. "வேணாம்" வந்தது. "பசி" வந்தது. ஒரு நாள் "மழை" வந்தது. வெளியே உண்மையிலேயே மழை. "நீ" வந்தபோது தம்பி மனைவி பெரியவரின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். பயிற்சியாளரை நீ, மனைவியை நீ, அண்ணனையும் நீ.

"'நீ' ஓரெழுத்து, 'நீங்க' மூணெழுத்து" என்றார் பயிற்சியாளர். "அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு மாடிப்படி. ஓரெழுத்துலயே நீங்க திரும்பிப் பாக்கறப்போ, மீதி ரெண்டு எழுத்துக்கு அவரு ஏன் மூச்சு வாங்கணும்?"

"ம்ம்ம்" என்றார் பெரியவர், தண்ணீருடன்.

ஒரு நாள் பயிற்சியாளரை அடுத்த அறையில் அவசரமாகக் கூப்பிட்டார்கள். தம்பி மனைவி மாத்திரை வாங்கப் போயிருந்தார். மேசையில் ஒரு சாவியின் படம். தம்பி, "சா... சா..." என்று முகம் சிவக்கத் தேடிக்கொண்டிருந்தார். பெரியவர் வாய் நிறையத் தண்ணீருடன் எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது பயிற்சி மாணவி ஒருவர் கோப்பும் கையுமாக உள்ளே வந்தார். மேசையில் இரண்டு பேர். ஒருவர் பேச முயல்கிறார். மற்றவர் உப்பிய கன்னத்துடன் விறைத்து உட்கார்ந்திருக்கிறார். யாருக்கு அதிக உதவி தேவை என்று மாணவி நொடியில் கண்டுபிடித்துவிட்டார்.

"தாத்தா, உங்க பேரு என்ன?" என்றார் பெரியவரிடம். பிறகு குரலை உயர்த்தி, "பே-ரு. பேரு சொல்லு பாப்போம்."

'சொல்லு'. பெரியவரின் காது மடல் சிவந்தது. ஒரு மடக்கு முழுங்கினால் போதும். தன் பெயர், பதவி, பணிக்காலம், வினைமுற்றில் மரியாதை விகுதியின் அவசியம் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணுக்கு வரிசையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே தம்பி ஏழாவது வினாடியில் இருந்தார். இப்போது வாய் திறந்தால் அந்தச் சாவி தொலைந்துவிடும். பெரியவர் முழுங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"பேரு தெரியலையா? பரவாயில்ல. இது எத்தன விரல்? காட்டு, காட்டு. சமத்து." மாணவி அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, எழுதுவதை வாய்விட்டுப் படித்தார். "பேச்சு, இல்லை. புரிதல், குறைவு."

தம்பி சாவியை விட்டுவிட்டார். மாணவியைப் பார்த்து இடது கையை உயர்த்தினார்.

"அண்ணன்" என்றார். "தலை... நல்லா இருக்கு. பெரிய ஆளு." சற்றுத் தேடி, "தண்ணி. வாயில... தண்ணி."

சொல்லிவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினார். அடிபட்ட பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. பெரியவர் சிரிக்கவில்லை. தண்ணீர்தான் மூக்கு வழியாகப் புறப்பட்டு மாணவியின் கோப்பின் மேல் தெறித்தது. அவர் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. அவரால் பேச முடியாமல் இருந்த அரை நிமிடத்தில் அவருக்காகத் தம்பி பேசினார். பேசியவர் அவரைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவரோ, தம்பிக்காகத் தொலைபேசியில் பேசியபோது, தம்பி நினைக்காததைச் சொல்லியிருந்தார். மறுபடி அழைத்து அதை மாற்றிவிடலாம். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது அந்தக் குடும்பத்தில் இல்லை. கடிதத்தை அனுப்பவில்லையே, அதுவே போதும், அதிகாரி மறந்திருப்பார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அதிகாரிகள் எதை மறந்தாலும் இப்படிப்பட்டதை மறப்பதில்லை.

குழு கூடிய அறையில் நீளமான மேசை. குளிரூட்டும் பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க ஒரு வாளி. மேசைக்கு அந்தப் பக்கம் மருத்துவர், தலைமைப் பொறியாளர், நிர்வாக அதிகாரி. துணைக்கு ஒருவர் மட்டும் வரலாம் என்றார்கள். தம்பி மனைவி வருவதாகத்தான் இருந்தது. "நான் மூத்தவன்" என்று பெரியவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மருத்துவர் பெயர் கேட்டார். எட்டு வினாடியில் தம்பி சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். "குழாய்... படம்" என்றார். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். தண்ணீர் இல்லாமல் எண்ணுவது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது.

பொறியாளருக்குப் பொறுமை இல்லை. வரைபடம் ஒன்றை விரித்தார். "பழைய சந்தைப் பக்கம் ஒரு வாரமா ரோட்டுல தண்ணி நிக்குது சார். வால்வு இங்கேன்னு படம் சொல்லுது. தோண்டிப் பாத்தா மண்ணுதான் வருது."

தம்பி பென்சிலை இடது கையில் வாங்கினார். படத்தில் இருந்த வால்வின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். "பொய்" என்றார். விரலால் தெருவைத் தாண்டி வந்து, ஒரு முனையில் வட்டம் போட்டார். "இங்க. மேல... ரோடு. போட்டாங்க."

"ரோடு போட்டு மூடிட்டாங்களா? அட, அதான்." பொறியாளர் அப்போதே கைபேசியை எடுத்து யாரையோ தோண்டச் சொல்லத் தொடங்கினார்.

நிர்வாக அதிகாரி தொண்டையைச் செருமினார். அவருடைய முறை. "வேலைல சேர்ந்தா கூட இருக்கறவங்களோட ஒத்துப்போக முடியுமா?"

"முடியும். நீ... கேளு, சொல்றேன்" என்றார் தம்பி.

"நீயா?" அதிகாரியின் புருவம் ஏறியது. "சரி, அது இருக்கட்டும். இவரோட அண்ணனே மூணு மாசத்துக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணி, தம்பி ஓய்வு வாங்கிக்கப் போறாருன்னு சொன்னாரு. தேதி போட்டுக் குறிச்சு வெச்சிருக்கேன். அவங்களே வேணாம்னு சொன்னதுக்கு நாம ஏன் இவ்வளவு நேரம் உக்காந்திருக்கோம்?"

தம்பி மெதுவாகத் திரும்பினார்.

பெரியவர் அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தார். நியாயமாகத் தனக்குச் சேர வேண்டியது அது; வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார். கடிகாரம் இல்லாத அறையில் தானாக எண்ணினார். நாலு. ஐந்து. தம்பியின் உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. ஒன்பது.

"அண்ணா" என்றார் தம்பி. "ஏன்... அப்படி... சொன்னீங்க?"

சொன்னீங்க. மூன்று மாதமாக எந்தப் பயிற்சிக்கும் மசியாத மரியாதை, மாடிப்படி ஒவ்வொன்றாக ஏறி, மூச்சு வாங்க வந்து சேர்ந்திருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். 'போடா' என்றிருந்தால் எவ்வளவு மரியாதையாக இருந்திருக்கும்.

"சார், நீங்களே சொல்லிடுங்க" என்றார் அதிகாரி. "தம்பிக்கு ஓய்வுதானே வேணும்?"

"அந்த போன்ல சொன்னது செல்லாதுங்க" என்றார் பெரியவர்.

"செல்லாதா?"

"நான் பதிவு அலுவலகத்துல முப்பத்திரண்டு வருஷம் இருந்தேன். எழுதிக்குடுக்கற ஆளு எதிர்ல நின்னு, நான்தான் குடுக்கிறேன், என் மனசோட குடுக்கிறேன்னு அவரு வாயால சொல்லணும். அப்பதான் பத்திரம். வயசான அப்பாவைக் கூட்டிக்கிட்டு மகனுங்க வருவாங்க. 'அவருக்குக் காது கேக்காது சார், நாங்க சொல்றோம்'னுவாங்க. எல்லாரையும் வெளியில நிக்க வெச்சுட்டுத்தான் நான் அவருகிட்ட கேப்பேன்."

"அப்போ நீங்க எதுக்கு சார் போன் பண்ணீங்க?"

"வெளியில நிக்க வேண்டிய ஆளு உள்ள வந்து உக்காந்துட்டேன்."

அவர் எழுந்தார். நாற்காலியை இருந்த இடத்தில் சரியாகப் போட்டார்.

"நீங்க போயிட்டா இவரு பேசறதை யாரு எங்களுக்குப் புரியவைக்கறது?"

"கேட்டுட்டு, பத்து வரைக்கும் எண்ணுங்க. அவசரப்படாம எண்ணுங்க. அப்புறம் இன்னொண்ணு. அவன் உங்களை 'நீ'ன்னா நல்லா இருக்கான்னு அர்த்தம். 'நீங்க'ன்னாத்தான் நீங்க யோசிக்கணும்."

வெளியே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. தம்பி மனைவி அதில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். பெரியவரைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"என்ன மாமா, நீங்க மட்டும் வர்றீங்க? அவரு?"

"உள்ள இருக்கான். பேசிக்கிட்டிருக்கான்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். பெரியவர் உட்கார்ந்தார். முதுகு சுவரில் சாய்ந்தது. கதவு கனமான கதவு. ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. கைபேசி அடித்தது. ரேடியோ அக்கா.

"என்ன ஆச்சு? குழு என்ன சொல்லிச்சு?"

"தெரியலக்கா. நான் வெளியில இருக்கேன்."

"நீ இல்லாம உள்ள அவன் என்னத்தப் பேசுவான்?"

"அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்காங்க."

"என்ன பேசினான்னு தெரிஞ்சதும் உடனே சொல்லு."

"அவனே சொல்லுவான்க்கா. நீங்க போன் பண்ணி, கொஞ்சம் பொறுமையா இருக்கணும்." அக்காவின் ஒலிபரப்பு வாழ்க்கையில் யாரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. தொடர்பு துண்டிக்கப்பட்டது.

நாற்பது நிமிடம் போயிற்று. இடையில் ஒரு முறை உள்ளே யாரோ உரக்கச் சிரித்தார்கள். பொறியாளராக இருக்கலாம். அதிகாரியாக இருக்க வாய்ப்பில்லை. எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது பெரியவருக்குப் புதிய அனுபவம்.

கதவு திறந்தது. தம்பி இடது கக்கத்தில் ஒரு வரைபடச் சுருளை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். மனைவியைப் பார்த்து, "திங்கள்" என்றார்.

இருவரும் காத்திருந்தார்கள்.

"திங்கக்கிழமை... வேலை. மூணு மாசம்... பாப்பாங்க. அப்புறம்... சொல்லுவாங்க."

தம்பி மனைவி சட்டென்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார், அது சரியாகவே இருந்தபோதும். பெரியவர் எழுந்து நின்றார். மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றைப் பெஞ்சில் உட்கார்ந்தபடி தயாரித்து வைத்திருந்தார். நாலு பத்தியில் நன்றாகவே வந்திருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"அந்த அதிகாரிகிட்ட என்னப்பா சொன்னே?"

தம்பி அவரைப் பார்த்தார். பெரியவர் எண்ணினார். பத்து வந்தது. இருபது வந்தது. தம்பியின் முகத்தில் தேடல் எதுவும் இல்லை, உதடு குவியவில்லை, கழுத்து நரம்பு புடைக்கவில்லை. முப்பது வரை எண்ணிய பிறகுதான் பெரியவருக்குப் புரிந்தது, சொல் கிடைக்காமல் இல்லை, சொல்ல இஷ்டமில்லை என்று.

"பசிக்குது" என்றார் தம்பி, மனைவியிடம்.

அலுவலகத்து உணவகம் எந்தப் பக்கம் என்று தம்பிக்குத் தெரியும். அவர் முன்னால் நடந்தார். மற்ற இருவரும் பின்னால் போனார்கள்.